மதமும் அரசும்: நவீன வரலாற்றைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதமும் அரசியலும் கலக்கலாமா கூடாதா என்ற விவாதம் ஓய்வதே இல்லை. அதைவிடப் பயனுள்ள கேள்வி, அவை எந்தெந்த இடத்தில் கலந்திருக்கின்றன என்பது. பிறப்பையும் திருமணத்தையும் பதிவது யார்? குருமாருக்குச் சம்பளம் தருவது யார்? அவர்களை நியமிப்பது யார்? பள்ளியை நடத்துவது யார்? குடும்ப வழக்கில் தீர்ப்புச் சொல்வது யாருடைய சட்டம்? கீழே உள்ள பதில்கள் இந்த ஐந்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு செல்கின்றன.

இந்த வரலாறு எங்கே தொடங்குகிறது?

மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1534இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்னர் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக அறிவித்தது. 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஜெர்மானிய நாடுகளில் ஆள்பவரின் சபையே குடிமக்களின் சபை என்றது. ஏற்காதவர்கள் சொத்தை விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போகலாம். கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளில் லூத்தரன்களுக்கும் மட்டுமே அதில் இடம் இருந்தது, மற்றொரு புரோட்டஸ்டண்ட் பிரிவினரான கால்வினியர்கள் விடுபட்டார்கள். அந்த ஓட்டையும் சேர்ந்துதான் 1618இல் முப்பதாண்டுப் போருக்கு வழிவிட்டது. 1648இல் வெஸ்ட்பேலியா உடன்படிக்கை கால்வினியர்களையும் சேர்த்துக்கொண்டது. அதோடு 1624ஆம் ஆண்டை அளவுகோலாக வைத்து, அப்போது எந்த ஆலயமும் சொத்தும் யார் கையில் இருந்தனவோ அவர்களுக்கே என்று முடிவுகட்டியது.

ஒரு தேதியைக் குறித்து நிலைமையை அப்படியே நிறுத்திவைக்கும் இந்த உத்தி பழையதாகிப் போய்விடவில்லை. இந்தியாவின் 1991ஆம் ஆண்டு வழிபாட்டுத் தலங்கள் சட்டமும் இதையே செய்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தலம் எந்த மதத்துடையதாக இருந்ததோ அப்படியே தொடர வேண்டும் என்பது அதன் விதி. அயோத்திக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். யார் முதலில் இருந்தார்கள் என்று தோண்டத் தொடங்கினால் முடிவே இராது என்பதை இரண்டு ஏற்பாடுகளும் உணர்ந்திருந்தன. விலக்குகள்தான் இவற்றின் பலவீனம்.

ஒரு நாட்டின் உண்மையான நிலையை எப்படிக் கண்டறிவது?

அரசியல் சாசனத்தின் முகவுரையைப் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் அங்கே இருப்பதாலோ இல்லாததாலோ எதுவும் தெரிந்துவிடாது. ஐந்து இடங்களில் தேட வேண்டும்.

முதலில் பதிவேடு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒரு காலத்தில் ஒருவர் பிறந்ததற்குச் சான்று, பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடாகவே இருந்தது. பிரான்ஸ் 1792 செப்டம்பர் 20 அன்று அந்தப் பதிவேடுகளைப் பாதிரியாரிடமிருந்து நகராட்சிக்கு மாற்றியது. மணவிலக்கும் அதே நாளில் சட்டமானது. மன்னரின் தலையை வெட்டியதைவிட இதுவே அன்றாட வாழ்வில் ஆழமான புரட்சி. பிறந்ததையும் மணந்ததையும் நிரூபிக்க இனி மதம் தேவையில்லை என்றானது.

அடுத்தது பணம். வரவுசெலவுத் திட்டத்தில் மதம் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று பாருங்கள். ஜெர்மனியில் அரசு மதம் கிடையாது. 1919 வைமார் சாசனத்தின் அந்த விதி 1949 அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆனாலும் திருச்சபை உறுப்பினர்களிடம் வருமான வரியோடு சேர்த்துத் திருச்சபை வரியை அரசே பிடிக்கிறது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரித்தொகையில் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9. இது சம்பளத்தின் விழுக்காடு அல்ல, கட்டும் வரியின் விழுக்காடு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வெளியேற விரும்புபவர் ஆலயத்துக்குப் போக வேண்டியதில்லை, அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது நியமனம். ஆயரையோ முஃப்தியையோ தலைமைக் குருவையோ யார் தேர்ந்தெடுக்கிறார், அந்தப் பதவியோடு எந்த அரசியல் உரிமை வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. நான்காவது பள்ளி: பாடத்திட்டம், ஆசிரியர் சம்பளம், மத வகுப்பு. ஐந்தாவது குடும்பச் சட்டம். அது தனிக் கேள்வியாகக் கீழே வருகிறது.

இந்த ஐந்தும் ஒரே திசையில் நகர்வதில்லை. ஒரு நாடு பள்ளியில் கண்டிப்பாகவும் பணத்தில் தாராளமாகவும் இருக்கலாம். இதைக் கவனிக்காமல் நாடுகளை ‘மதநாடு’, ‘மதச்சார்பற்ற நாடு’ என்று இரண்டு கூடையில் போட்டால் பாதி உண்மை வெளியே சிந்திவிடும்.

அரசு மதம் இருக்கும் நாட்டில் சுதந்திரம் இருக்காதா?

இருக்கலாம். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபை இருந்துகொண்டே உரிமைகள் ஒவ்வொன்றாக வந்தன. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரையும், யூதர் அமர 1858 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத சார்லஸ் பிராட்லா 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுதிமொழித் தகராறில் மீண்டும் மீண்டும் வெளியேற்றப்பட்டு 1886இல்தான் அவரால் இருக்கையில் அமர முடிந்தது. 1888இல் உறுதிமொழிச் சட்டம் மாறியது. தடை எல்லாக் கட்டத்திலும் ஓர் உறுதிமொழி வாசகத்தில்தான் ஒளிந்திருந்தது.

எதிர்த்திசையில் அல்பேனியா. 1967இல் மதத்தையே தடைசெய்து மசூதிகளையும் ஆலயங்களையும் மூடியது. அங்கே அரசு மதம் இல்லை. மனச்சாட்சிச் சுதந்திரமும் இல்லை.

பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

அதிகம் மேற்கோள் காட்டப்பட்டாலும் குறைவாகவே படிக்கப்படும் சட்டம் இது. 1905 டிசம்பர் 9 அன்று நிறைவேறியது. முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் உறுதிசெய்கிறது. இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, அதற்குச் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. அதே பிரிவு பள்ளி, மருத்துவமனை, சிறை போன்ற இடங்களின் குருமாருக்கான செலவை விலக்காக அனுமதிக்கிறது. விடுதியிலோ சிறையிலோ அடைபட்டிருப்பவர் தன் ஆலயத்துக்குப் போக முடியாது, எனவே குரு அங்கே வரலாம் என்பது அதன் நியாயம்.

அதற்கு முன்பு நூறாண்டுக்கும் மேலாக 1801இல் நெப்போலியனும் திருத்தந்தை ஏழாம் பயஸும் செய்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. அதன்படி அரசு குருமாருக்குச் சம்பளம் கொடுத்தது, ஆயர்களை முன்மொழிந்தது. புரட்சி 1789இல் திருச்சபைச் சொத்துகளை எடுத்துக்கொண்டதற்கான ஈடு அது. ஆகவே 1905இல் பிரிந்தது நம்பிக்கை மட்டும் அல்ல, ஒரு சம்பளப் பட்டியலும் பிரிந்தது.

சிக்கல் சொத்துக் கணக்கெடுப்பில் வெடித்தது. ஆலயப் பொருள்களைப் பட்டியலிட 1906இல் அதிகாரிகள் வந்தபோது பல ஊர்களில் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆலயத்தின் மிகப் புனிதமான இடமான நற்கருணைப் பேழையைத் திறந்து பார்க்கும்படி வந்த சுற்றறிக்கை, பதிவேட்டு வேலையை அவமதிப்பாக மாற்றிவிட்டது. மார்ச் மாதம் வடக்கே ஒரு கிராமத்தில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்; அமைச்சரவை கவிழ்ந்தது. புதிய உள்துறை அமைச்சர் கிளெமான்சோ, எதிர்ப்பு உள்ள இடங்களில் கணக்கெடுப்பை நிறுத்தினார். மதகுருமார் ஆதிக்கத்தை அவரைவிடக் கடுமையாக எதிர்த்தவர்கள் குறைவு. ஆனாலும் அவர் நிறுத்தினார், அதனால் சட்டம் பிழைத்தது.

சட்டம் கேட்ட வழிபாட்டுச் சங்கங்களை அமைக்கக் கூடாது என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் தடுத்துவிட்டார். அதன் விளைவை யாரும் திட்டமிடவில்லை: சொத்தை வாங்கிக்கொள்ளச் சட்டப்படியான அமைப்பு இல்லாததால் 1905க்கு முந்தைய கத்தோலிக்க ஆலயங்கள் ஊராட்சிகளின் சொத்தாயின, பேராலயங்கள் அரசின் சொத்தாயின. வழிபாட்டுக்கு இலவசமாக விடப்படும் அந்தக் கட்டடங்களின் கூரையைச் சீர்செய்வது இன்றும் பொதுப்பணம்தான். 2019இல் எரிந்த நோத்ர தாம் அரசின் உடைமை. 1924இல் மறைமாவட்டச் சங்கங்கள் என்ற சமரசத்துக்கு வத்திக்கானும் ஒப்புக்கொண்டது.

இன்னொரு விலக்கு அல்சாஸும் மோசெலும். 1905இல் அவை ஜெர்மனியிடம் இருந்தன. 1918க்குப் பிறகு திரும்பி வந்தபோது பழைய 1801 ஏற்பாட்டோடு வந்தன. இன்றும் அங்கே கத்தோலிக்க, புரோட்டஸ்டண்ட், யூத குருமாருக்கு அரசு சம்பளம் தருகிறது. இஸ்லாம் அந்தப் பட்டியலில் இல்லை, 1801இல் அது கணக்கில் வரவில்லை. உறைந்த ஏற்பாடுகள் பின்னால் வந்தவர்களை வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மதமும் அரசும் 1791இலேயே பிரிந்துவிட்டனவா?

ஒன்றிய அரசில் மட்டும். முதல் திருத்தம் ‘காங்கிரஸ்’ மதத்தை நிறுவும் சட்டம் செய்யக் கூடாது என்றது, மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. கனெக்டிகட் 1818 வரையும் மாசசூசெட்ஸ் 1833 வரையும் திருச்சபைக்கு அரசு ஆதரவைத் தொடர்ந்தன. அந்தத் தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947இல். அரசுப் பள்ளியில் அதிகாரபூர்வ ஜெபம் செல்லாது என்ற தீர்ப்பு 1962இல் வந்தது. ‘பிரிவினைச் சுவர்’ என்ற தொடரும் சாசனத்தில் இல்லை. 1802இல் டான்பரி என்ற ஊரின் பாப்டிஸ்ட் சபையினருக்கு அதிபர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பிரிவினையைக் கேட்டவர்களில் ஆழ்ந்த நம்பிக்கையாளர்களான பாப்டிஸ்டுகளும் இருந்தார்கள். பிறர் சபைக்கு வரி கட்டவேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான்.

மதத்தை அடக்கினால் அதன் அரசியல் வலு குறையுமா?

பெரும்பாலும் கூடும். ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். 1871 டிசம்பரில் பிரசங்க மேடையில் அரசியல் பேசுவதைக் குற்றமாக்கினார், 1872இல் ஏசுசபையினரை வெளியேற்றினார், 1873 மே சட்டங்களால் குருமாரின் கல்வியையும் நியமனத்தையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். ஆயர்கள் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள், பங்குகள் குரு இல்லாமல் கிடந்தன. நடந்தது என்ன? கத்தோலிக்க மையக் கட்சி 1871இல் பெற்ற 63 இடங்கள் 1874இல் 91 ஆயின. 1880களில் பெரும்பாலான சட்டங்களை அவரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிலைத்தவற்றில் ஒன்று, 1875இல் பேரரசு முழுவதற்கும் வந்த பதிவுத் திருமணம். குருவை வதைத்த சட்டங்கள் உதிர்ந்துபோக, யாரையும் வதைக்காமல் பதிவேட்டை மட்டும் மாற்றிய சட்டம் நின்றுவிட்டது.

மெக்சிகோ இன்னும் கொடூரமாகப் போனது. 1917 சாசனம் திருச்சபையின் சட்டத் தகுதியையே மறுத்திருந்தது. 1926இல் அதிபர் கயேஸ் தண்டனைகளோடு அதை நடைமுறைப்படுத்தினார். ஆயர்கள் ஜூலை 31 முதல் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். கிறிஸ்தேரோ கிளர்ச்சி 1929 வரை நீடித்துப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. முடிவில் சாசனத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. சட்டத்தைக் கண்டும் காணாமலும் இருப்பது என்ற எழுதாத உடன்பாடு வந்தது. திருச்சபைக்குச் சட்டத் தகுதி 1992இல்தான் திரும்பியது.

சோவியத் ஒன்றியத்தில் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் உச்சத்தில் இருந்த 1943 செப்டம்பரில் ஸ்டாலின் மூன்று பெருநகர ஆயர்களை அழைத்துப் பேசி, ரஷ்யத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தையைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வழிவிட்டார். இடித்தவருக்கே ஆலயம் தேவைப்பட்டது. அந்த இணக்கத்துக்குத் திருச்சபை கொடுத்த விலையும் பெரிது: கண்காணிப்புக்கு உட்பட்ட ஒரு நிறுவனமாக அது வாழவேண்டியிருந்தது.

துருக்கி மதத்தையும் அரசையும் பிரித்த நாடுதானே?

பிரித்தது என்பதைவிட அரசு மதத்தைத் தன் துறையாக்கிக்கொண்டது என்பதே சரி. கிலாஃபத் 1924 மார்ச் 3 அன்று ஒழிக்கப்பட்டது. அதே நாளில் தியானெட் எனப்படும் மத விவகாரத் தலைமையகம் பிறந்தது. 1926இல் சுவிட்சர்லாந்தைப் பின்பற்றிய உரிமையியல் சட்டம் வந்தது, 1928இல் அரசு மதம் என்ற வரி நீங்கியது, 1937இல் மதச்சார்பின்மை சாசனத்தில் ஏறியது. ஆனால் இமாம்கள் அரசு ஊழியர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையான குத்பாவின் வாசகம் தலைமையகத்திலிருந்து வந்தது. 1932 முதல் 1950 வரை பாங்கு எந்த மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பதையும் அரசே தீர்மானித்தது.

இப்படிப்பட்ட அமைப்பில் இரண்டு கோளாறுகள் வந்தே தீரும். ஒன்று, தலைமையகம் சுன்னி மரபைச் சார்ந்தது. வேறு மரபைச் சேர்ந்த முஸ்லிம்களான அலவிகளின் கூடுமிடங்களுக்கு வழிபாட்டுத் தலம் என்ற தகுதி கிடைக்கவில்லை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் இதை உரிமை மீறல் என்றது. மற்றது, மதத்தைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட கருவி, வேறு நோக்கமுடைய ஆட்சி வந்ததும் மதத்தைப் பரப்பும் கருவியாகிவிடும். கருவியைச் செய்தவர்கள் அது என்றும் தங்கள் கையிலேயே இருக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

ஈரானில் ஆட்சி செய்வது மதமா, அரசா?

ஷியா மத அறிஞர்களான உலமாவின் அரசியல் பலம் 1979இல் திடீரென முளைக்கவில்லை. 1890இல் புகையிலை வணிகத்தை ஓர் ஆங்கிலேயருக்கு மன்னர் ஷா தாரைவார்த்தார். 1891இல் மூத்த மதகுரு மிர்சா ஷிராசியின் பெயரில் வந்த மத ஆணையான ஃபத்வாவை ஏற்று மக்கள் புகைப்பதையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது. உலமாவுக்கு அரசிடமிருந்து தனித்த வருமானமும் மாணவர் வட்டமும் இருந்ததே அந்த வலுவின் அடிப்படை.

1979 சாசனம் மேலே மதத் தலைவரை வைத்தது. அவரைத் தேர்ந்தெடுப்பது நிபுணர் மன்றம். அந்த மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவில் நிற்பது 12 பேர் கொண்ட காவலர் மன்றம்: 6 மதச் சட்ட அறிஞர்களைத் தலைவர் நியமிக்கிறார், 6 சட்ட வல்லுநர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய நாடாளுமன்றம் தேர்கிறது. நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் மதத் தலைவர்தான். வேட்பாளர்களை வடிகட்டுவது இந்த மன்றம். 1997 அதிபர் தேர்தலில் மனுச் செய்த 238 பேரில் 4 பேருக்கே அனுமதி கிடைத்தது.

பலரும் தவறவிடும் திருப்பம் 1988 ஜனவரியில் இருக்கிறது. இஸ்லாமிய அரசின் நலனுக்காகத் தேவையென்றால் தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றைக்கூட அரசு தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம் என்று அப்போதைய மதத் தலைவர் கொமெய்னி எழுதினார். நாடாளுமன்றமும் காவலர் மன்றமும் முட்டிக்கொண்டால் அரசின் நலன் கருதித் தீர்க்க அடுத்த மாதம் தனி மன்றமே அமைத்தார். மதச் சட்டத்தைக் காக்க எழுந்த ஆட்சி, அரசின் தேவையை அந்தச் சட்டத்துக்கும் மேலே வைத்தது. குருமார் ஆட்சியில் அமர்ந்தால் மதம் அரசை விழுங்கும் என்று அஞ்சுவார்கள். இங்கே நடந்தது மறுதலை.

இந்தியா எந்த வகையில் சேரும்?

எந்த அயல்நாட்டு வகையிலும் ஒழுங்காகப் பொருந்தாது. சாசனத்தின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. அதே பிரிவு இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரமும் தருகிறது. காரணம் சாதி. கோயில் கதவு மூடியிருக்கையில் ‘அரசு விலகி நிற்கட்டும்’ என்றால் விலக்கப்பட்டவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். இந்திய அரசு கோயிலுக்குள் கால்வைத்ததைப் பேசும் யாரும் இந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 27ஆம் பிரிவு. அதே சாசனத்தின் 290ஏ பிரிவு, ஆண்டுதோறும் கேரளம் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கும், தமிழ்நாடு 13.5 லட்சம் ரூபாயைத் தன் தேவஸ்வ நிதிக்கும் தரவேண்டும் என்கிறது. பழைய சமஸ்தானத்தோடு செய்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது.

குடும்பச் சட்டம் மட்டும் ஏன் கடைசிவரை மதத்தின் கையில் இருக்கிறது?

யார் யாரை மணக்கலாம், சொத்து யாருக்கு, குழந்தை யாருடையது என்பதில்தான் ஒரு சமூகம் தன் எல்லையைக் காக்கிறது. காலனி அரசுகள் வணிகத்தையும் குற்றவியலையும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தைக் குருமாரிடமும் பெரியவர்களிடமும் விட்டன. எதிர்ப்புக் குறையும், செலவும் குறையும். விடுதலைக்குப் பிறகு அந்த மிச்சமே அடையாளமாகிவிட்டது.

இஸ்ரேலில் இது 1947இலேயே தீர்மானமாகியது. மதவாத அகுதத் கட்சிக்கு, பின்னர் முதல் பிரதமரான பென்-குரியனும் தோழர்களும் எழுதிய கடிதம், ஓய்வுநாள், உணவு விதி, பள்ளி, திருமணம் நான்கிலும் உறுதி தந்தது. 1953இல் யூதர்களின் திருமணமும் மணவிலக்கும் யூத மதகுருமாரான ரபிகளின் நீதிமன்றத்துக்குப் போயின. நாட்டுக்குள் பதிவுத் திருமணம் கிடையாது. ஆகவே பலர் சைப்ரஸ் போன்ற நாடுகளில் மணந்துகொண்டு வருகிறார்கள்; வெளிநாட்டுச் சான்றிதழைப் பதிவாளர் ஏற்றே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது.

துனிசியா 1956 ஆகஸ்டில் ஒரே சட்டத்தால் பலதார மணத்தைத் தடைசெய்தது. விடுதலை வென்ற தலைவரின் கையில் அசைக்க முடியாத செல்வாக்கு இருந்த சில மாதங்கள் அவை. அந்தச் சாளரம் நெடுநாள் திறந்திருப்பதில்லை. இந்தியாவில் இந்துச் சட்டத் தொகுப்பு தாமதமானதும் 1951இல் அம்பேத்கர் பதவி விலகினார். அது 1955, 1956இல் நான்கு சட்டங்களாக உடைந்து நிறைவேறியது. மணவிலக்கான முஸ்லிம் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்ற 1985 ஷா பானு தீர்ப்பின் எதிர்விளைவாக 1986இல் முஸ்லிம் பெண்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அயோத்தி பாபர் மசூதியின் பூட்டும் திறக்கப்பட்டது. இரு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் பார்த்த கணக்கு இரு பக்கத்தையும் கொதிக்கவைத்தது. அந்த 1986 சட்டத்தின் வாசகத்தையே வைத்து, மணவிலக்கான பெண்ணின் எதிர்காலத்துக்கும் நியாயமான தொகை தரவேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் பொருள்கொண்டது. அரசியல் ஓய்ந்தபின் சத்தமில்லாமல் வந்த அந்தத் தீர்ப்பு அதிகம் பேசப்படுவதில்லை.

இலங்கையில் பௌத்த பிக்குகள் அரசியலில் எப்படி நுழைந்தார்கள்?

1956 தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுக்காக பிக்குகள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். அது புத்தர் பரிநிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு. வென்றதும் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு பிரதமர் பண்டாரநாயக்க செய்த ஒப்பந்தம் தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தருவதாக இருந்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு முன் அமர்ந்ததும் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே வன்முறை மூண்டது. 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. சதியில் தண்டனை பெற்றவர்களில் அவரது வெற்றிக்கு உழைத்த களனி விகாரையின் தலைமைப் பிக்குவும் இருந்தார்.

1972 சாசனம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978 சாசனத்தின் 9ஆம் பிரிவில் அது தொடர்கிறது. அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். தேர்தலுக்காகத் திறந்த கதவை, உள்ளே வந்தவர்களின் அனுமதியில்லாமல் அடைக்க முடியாமல் போனது இப்படித்தான்.

மத விகிதப்படி பதவிகளைப் பங்கிட்டால் சண்டை தீராதா?

சிறிது காலம் தீரும். லெபனானில் 1943 தேசிய ஒப்பந்தம் அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, அவைத்தலைவர் ஷியா என்று வழக்கமாக்கியது. நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர் 6, முஸ்லிம் 5 என்ற விகிதம். அடிப்படை 1932ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதன்பின் அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு நடக்கவில்லை, எண்ணினால் பங்கு மாறும் என்பதால். 1975இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1989 தாயிஃப் உடன்படிக்கை விகிதத்தைச் சரிபாதியாக்கியது. பங்கீட்டு முறையைப் படிப்படியாக ஒழிப்போம் என்றும் எழுதியது. அந்தப் பகுதி நிறைவேறவில்லை. பங்கீட்டால் பதவிக்கு வந்தவர்களே அதை ஒழிக்க வாக்களிக்க வேண்டியிருந்தது.

மதம் எப்போதும் பழமையின் பக்கம்தான் நிற்குமா?

இல்லை, ஒரே மதம் ஒரே நேரத்தில் இரு பக்கமும் நிற்கும். அடிமை வணிகத்தை 1807இல் பிரிட்டன் தடைசெய்யக் காரணமானவர்களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முன்னணியில் இருந்தார்கள். அதே பைபிளைப் படித்த அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்டுகள் அடிமை உடைமையாளர்களின் உரிமைக்காக 1845இல் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். அதற்கு அந்தச் சபை 1995இல் மன்னிப்புக் கேட்டது. எல் சால்வடாரில் பேராயர் ரொமேரோ, படையினரைக் கொலை நிறுத்தச் சொல்லி மறையுரை ஆற்றிய மறுநாள், 1980 மார்ச் 24 அன்று பலிபீடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். போலந்தில் 1979 ஜூனில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வந்துபோன அடுத்த ஆண்டு சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. கூடுவதற்கு அரசால் தடைசெய்ய முடியாத இடமாக ஆலயம் இருந்தது முக்கியமான காரணம். மதத்தின் கோட்பாட்டை மட்டும் பார்த்தால் இது புரியாது. கட்டடம், அச்சகம், சம்பளம் ஆகியவை அரசைச் சாராமல் இருந்தனவா என்று பார்க்க வேண்டும்.

வேட்பாளர் மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டால் என்ன ஆகும்?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1954 முதல் தடை வேட்பாளருக்கு அல்ல, வரிவிலக்கு பெறும் அமைப்புகளுக்கு. ஆனால் வரிவிலக்கை இழந்த ஆலயங்கள் மிக அரிது. இந்தியாவில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு அதை முறைகேடு என்கிறது. நிரூபணமானால் வெற்றி செல்லாது, 6 ஆண்டு வரை தகுதியிழப்பும் வரலாம். வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் முறைகேடா என்ற ஐயத்தை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்த்தது: இரண்டுமே முறைகேடு.

நடைமுறையில் தடுமாறுவது காலத்தில்தான். தேர்தல் மனுவை முடிவு அறிவித்த 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். பேச்சின் பதிவு, நாள், இடம், பேசியவருக்கு வேட்பாளர் தந்த ஒப்புதல் எல்லாவற்றையும் குற்ற வழக்குக்குரிய கண்டிப்போடு நிரூபிக்க வேண்டும். மும்பை விலே பார்லே தொகுதியில் 1987 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1995 டிசம்பரில். அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 1990இலேயே முடிந்திருந்தது.